ரத்தம் ஊறுகிற மாத்திரை

அறுபத்தொன்றாம் வருஷம் சித்திரை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜஹானாரா மத்தியானச் சோற்றை மறந்துபோனாள். பாலக்கரையில் அந்த வீட்டை அறிந்த யாரிடம் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார்கள். பதினேழு வயதில் அவள் எதை மறந்தாலும் சோற்றை மறந்ததில்லை. "நான் நடந்து வந்தா மலைக்கோட்டையே கொஞ்சம் நகர்ந்து வழி விடும்" என்று, மற்றவர்கள் வாயைத் திறப்பதற்குள் தானே சொல்லிச் சிரித்துவிடுகிறவள். அன்று ஆட்டுக்கறிக் குழம்பு ஆறி, மேலே கொழுப்பு வெள்ளையாக உறைந்து கிடந்தது. அதைப் பார்த்தால் வேறு யார் வீட்டுப் பாத்திரமோ போலிருந்தது.

"மதினி, பசிக்கவே இல்ல எனக்கு. மவுத்தாயிட்டேனா என்னன்னு தொட்டுப் பாருங்க."

"அல்ஹம்துலில்லாஹ். மாத்திரை வேலை செய்யுது" என்றாள் ஷரபுன்னிசா, தோளில் கிடந்த கைக்குழந்தையைத் தட்டிக்கொண்டே. "ரத்தம் ஊறுதுடி."

ஷரபுன்னிசா, அண்ணன் பரக்கத் அலியின் மனைவி. ஜஹானாராவின் கேலிக்கு ஊரே சிரிக்கும்போது அவள் மட்டும் சிரிக்க மாட்டாள். "உன்னை நீயே ஏன்டி இப்படிச் சொல்லிக்கிறே" என்று கண் கலங்குவாள். அதற்காகவே அவள் கையால் எதைக் கொடுத்தாலும் ஜஹானாரா வாங்கி விழுங்குவாள். உடம்பில் ரத்தம் இல்லை என்று சொல்லி, காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று மதினி கொடுத்த அந்தச் சின்ன வெள்ளை மாத்திரைகளையும் அப்படித்தான் விழுங்கினாள்.

முதலில் எல்லாம் சுகமாகத்தான் இருந்தது. வீட்டிலிருந்த பித்தளை, செம்பு அத்தனையையும் தேய்த்துக் கவிழ்த்தாள். பேசினால் நிறுத்த முடியவில்லை. தூக்கம் போன இடம் தெரியவில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் தென்னூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்று வீடு பரபரத்துக் கிடந்ததால், அம்மா அவள் இடுப்பைக் கையால் அளந்து பார்த்து, "மாஷா அல்லாஹ், நல்லா இளைச்சிட்டே" என்று நெற்றியில் முத்தமிட்டாள்.

பிறகு சுவர் பேச ஆரம்பித்தது.

பின்கட்டு அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் பூட்டிக் கிடந்த புகையிலைக் கிட்டங்கி. வெயில் உச்சிக்கு ஏறி, தெருவில் மாட்டு வண்டிச் சத்தமும் ஓய்ந்து, கூடத்தில் அம்மா அசந்து தூங்குகிற நேரத்தில், காரை பெயர்ந்த அந்தச் சுவருக்குள்ளிருந்து புகையிலை நெடியோடு பெண்களின் குசுகுசுப்பு வந்தது. கல்யாண வீட்டில் கதவுக்குப் பின்னால் நின்று பெண்ணை எடை போடுகிற அதே குரல். கழுத்துல இன்னும் இருக்கு. கைல இன்னும் இருக்கு. இன்னும் கொஞ்சம் கழிக்கலாம். அவர்கள் பேசப் பேச, எந்த இடத்தைச் சொன்னார்களோ அந்த இடத்தில் தோலுக்கடியில் எறும்பு ஊர்ந்தது. சொறிந்தாள். ரத்தம் வந்தது. ஊறின ரத்தம்தானே, போகட்டும் என்று சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒட்டிக்கொண்டது.

"அந்த மாத்திரைல வேற ஏதாச்சும் இருக்கா மதினி?"

"என் பிள்ளை மேல ஆணையா ரத்தத்துக்குத்தான்டி."

அதற்கு மேல் கேட்க அவளுக்கு மனசு வரவில்லை.

மறுநாள் மத்தியானம் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனவள் வாசலிலேயே நின்றாள். மதினி அரிசி டின்னுக்குள்ளிருந்து அந்த மாத்திரைச் சீசாவை எடுத்தாள். கையில் கவிழ்த்தாள். ஒன்றல்ல, இரண்டல்ல, ஒரு பிடி. தண்ணீர்கூட இல்லாமல் வாயில் போட்டுக்கொண்டாள்.

"உங்களுக்கும் ரத்தம் ஊறணுமா மதினி?"

ஷரபுன்னிசா திடுக்கிடவில்லை. மெதுவாகத் திரும்பினாள். அவள் எவ்வளவு இளைத்துவிட்டாள் என்பது ஜஹானாராவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இது இளைக்கிறதுக்குடி. பிள்ளை பெத்து உடம்பு போட்டுடுச்சுன்னு டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்தது. பொண்ணு பாக்க வர்றாங்களே, அவளுக்கும் கொடுன்னு உங்கம்மாதான் சொன்னாங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அதையும் வச்சு நீயே கேலி பண்ணிச் சிரிப்பே. எனக்குத் தாங்காது."

ஊர் முழுக்கச் சிரித்தபோதும் வலிக்காத இடம் ஒன்று அவளுக்குள் மிச்சம் இருந்தது. அடி அங்கே விழுந்தது. ஏதாவது சொல்லிச் சிரிக்கலாம் என்று தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை.

"அதைத் தின்னதிலேருந்து சுவர்ல பேச்சுக் கேக்குது மதினி. பைத்தியம் பிடிச்சிடுமோன்னு பயமா இருக்கு."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். சுவரில் யாரும் இல்லை, எல்லாம் மாத்திரையால் வந்தது, தூக்கி எறிந்துவிடலாம் என்று மதினி சொன்னால் போதும். அத்தனையையும் மன்னித்துவிடுவாள்.

மதினி அடுக்களைக் கதவைச் சாத்தினாள். வெகு அருகில் வந்தாள்.

"உனக்கும் கேக்குதா?"

அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"எத்தனை மாசமா நான் ஒத்தையாக் கேட்டுக்கிட்டிருக்கேன் தெரியுமா. வா."

பின்கட்டு அறைக்கு இழுத்துப்போனாள். உள்ளே வந்ததும் தாழ்ப்பாள் போட்டாள். ஜன்னல் இடுக்குகளில் துணி, நேற்று இல்லாதது. சாவித் துவாரத்தில் துணி. பல்லி ஒளியும் பொந்தில் துணி. இருட்டு. காற்றே இல்லை. பால் வாடை. புகையிலை நெடி.

தொட்டில்.

குழந்தை நேராகப் படுக்க வைக்கப்பட்டிருந்தது. கண் விழித்திருந்தது. இரண்டு காதிலும் பஞ்சு. அழுத்தி, நிரம்ப.

அப்படிப் பஞ்சு வைத்து ஜஹானாரா ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறாள். பெற்ற அத்தாவுக்கு. சந்தூக்குப் பெட்டியில் வைத்து அடக்கத்துக்குத் தூக்குவதற்கு முன்னால்.

"காது வழியா இவனுக்குள்ள போகப் பாத்தாங்க. அடைச்சிட்டேன்." மதினி உள்ளங்கையை விரித்தாள். இன்னும் இரண்டு பஞ்சு உருண்டைகள். மிகச் சின்னவை. "மூக்குதான் பாக்கி."

கத்த வேண்டும். கூடத்தில் அம்மா இருக்கிறாள். குழந்தையை வாரிக்கொண்டு ஓட வேண்டும். அவளுக்குத் தெரிந்தது. எல்லாமே தெளிவாகத் தெரிந்தது.

சுவரில் பேச்சு நின்றது.

பிறகு தொட்டிலுக்குப் பக்கத்திலேயே, குழந்தையின் முகத்துக்கு நேராக, யாரோ ஒரு பெண் மூச்சை உள்ளே இழுத்தாள்.

ஜஹானாராவுக்கும் கேட்டது.

"தலையை ஆட்டுறான்" என்றாள் மதினி, கெஞ்சுகிற குரலில். "நீ பிடிச்சுக்க கண்ணு."

ஜஹானாராவின் இரண்டு கைகளும் தொட்டிலுக்குள் போயின.