ஏரிப் பாதையில் நின்ற வேன்

சாவியைத் திருப்பியும் வண்டி கிளம்பாததைவிட, மற்ற எல்லாம் ஒழுங்காக நடந்ததுதான் நெவென்காவை உறுத்தியது. டேஷ்போர்டு விளக்குகள் பளிச்சென்று எரிந்தன, ரேடியோவில் மழை அறிவிப்பு தெளிவாகக் கேட்டது, பின்னால் அடுப்பின் மேலிருந்த முட்டைக்கோஸ் சூப்பின் புளிப்பு வாசம் சூடாகவே வந்துகொண்டிருந்தது. என்ஜினிடமிருந்து மட்டும் ஒரு முனகல்கூட இல்லை.

அஞ்சல் நிலைய வேலையிலிருந்து அவள் ஓய்வு பெற்ற கையோடு, அவளும் கணவன் தாமியானும் வாங்கிய, சமையலும் படுக்கையும் உள்ளேயே அமைந்த மோட்டார்ஹோம் வேன் அது. செர்க்னிட்சா ஏரி நிரம்புவதைப் பார்க்க வந்திருந்தார்கள். கோடையில் புல் அறுக்கிற நிலம்தான். நவம்பர் மழை மூன்று நாள் விடாமல் பிடித்தால், பூமியின் துளைகள் வழியே தண்ணீர் மேலேறி வந்து ஏரியாகிவிடும். மதியம் சாப்பிட, ஏரிப் பள்ளத்தின் குறுக்கே போகும் மண்பாதையில் வண்டியை நிறுத்தியபோது தண்ணீர் தொலைவில் பளபளத்துக்கொண்டிருந்தது. மணி மூன்றரைக்கு மூடுபனி இறங்கி, அந்தப் பளபளப்பும் மறைந்து, நாணல் அழுகின வாடையும், மண்ணுக்கடியில் யாரோ வாய் கொப்பளிப்பது போன்ற சத்தமும்தான் மிஞ்சின.

தாமியான் தன் அக்கா மகன் ரோக்கை போனில் பிடித்தான். அவன் போஸ்தொய்னா என்ற ஊரில் மெக்கானிக். தான் வந்து சேர ஒரு மணி நேரமாகும், அதற்குள் பாதை மூழ்கிவிடும், நடந்து போகவும் வேண்டாம், மூடுபனியில் பாதை எது பள்ளம் எது என்று தெரியாது என்றான் ரோக். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்பச் சொன்னான். வெளிச்சம் மங்கவில்லை. அப்படியானால் என்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டே போகவில்லை. பேட்டரி முனைகளைச் சுரண்டித் துடைத்தார்கள், பலனில்லை. ஹாரனுக்குக் கரண்டு விடுகிற ரிலே என்ற சின்ன சுவிட்சைக் கழற்றி ஸ்டார்ட் ரிலே இருந்த இடத்தில் மாட்டினார்கள். இப்போது சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு 'டக்' சத்தம்.

"நல்ல சகுனம். மோட்டார் சிக்கிக்கிட்டிருக்கு, அவ்வளவுதான்" என்றான் ரோக், ஸ்பீக்கரில். "மாமா, கீழ படுத்து ஸ்பேனரால அது மேல தட்டுங்க. தட்டினதும் அத்தை சாவியப் போடட்டும். பாத்து மெதுவா. அத்தை மேல இருக்கற கோவத்த எல்லாம் அது மேல காட்டிடாதீங்க."

"அவருக்கு எம்மேல கோவமா? இந்த எடத்துல வண்டிய நிறுத்துன்னு சொன்னதே அவருதான்" என்றாள் நெவென்கா.

தாமியான் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு வண்டிக்கடியில் நுழைந்தான். அவள் கிளட்சை மிதித்தபடி காத்திருந்தாள். காலுக்கடியில் தட்டும் சத்தம் வந்தது. டங், டங், டங். திருப்பினாள். டக். மறுபடி டங், டங், டங். டக். கண்ணாடிக்கு வெளியே வெள்ளை தவிர ஒன்றுமில்லை. ஆறேழு தடவை ஆனபின், அடுத்த தட்டுக்காகக் காத்திருந்தபோதுதான் பக்கத்துக் கதவு திறந்தது. தாமியான் ஏறி உட்கார்ந்தான். முதுகெல்லாம் சேறு, உதடு நீலம் பாரித்திருந்தது.

"அடியில தண்ணி வந்துருச்சு. இனிமே படுக்க முடியாது" என்று போனுக்குக் கேட்காத கம்மிய குரலில் சொல்லி, கைகளை வாயருகே வைத்து ஊதிக்கொண்டான்.

டங், டங், டங்.

இருவரும் அசையவில்லை. அவன் கைகள் வாயருகே அப்படியே நின்றன.

"ஆங், அப்படித்தான் மாமா" என்றான் ரோக். "இப்பத்தான் சரியான எடத்துல விழுது. அத்தை, போடுங்க."

நெவென்கா கணவனைப் பார்த்தாள். அவன் மெதுவாகத் தலையை ஆட்டினான். வேண்டாம் என்று.

"கீழ யாரு?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள்.

"யாருமில்ல. நான் இப்பத்தான வர்றேன்."

டங், டங், டங். அவசரமில்லாத தட்டு. சாவியைத் திருப்ப எவ்வளவு நேரம் வேண்டுமோ, சரியாக அவ்வளவு இடைவெளி விட்டு மறுபடியும். டங், டங், டங். அது தனக்காகத்தான் காத்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. கதவிடுக்கு வழியே தண்ணீர் உள்ளே கசிந்து, ரப்பர் விரிப்பின் கோடுகளில் ஓடியது. ரோக் ஏதோ கேட்டான், பாதியில் போன் இணைப்பு அறுந்தது.

"போடு" என்றான் தாமியான், அவளைப் பார்க்காமல். "வேற என்ன செய்ய?"

மறுபடி தட்டும் சத்தம் வந்தது. திருப்பினாள்.

என்ஜின் பிடித்துக்கொண்டது.

முதல் கியரில் நகர்த்தினாள். அடியில் எதன் மீதும் சக்கரம் ஏறவில்லை. யாரும் கத்தவில்லை. தண்ணீர் இருபக்கமும் பிளந்தது. பாதையோரக் கம்புகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே ஓட்டினாள். ஐந்து. ஆறு. மேடு தெரிந்தது. ஏறினால் தார் ரோடு.

மேட்டில் வண்டி மெதுவானது.

பின்னால் சின்ன மோட்டார் ஒன்று முனகியது. பின்பகுதிக் கதவில் ஏறுவதற்கான இரும்புப் படி தானாக வெளியே நீண்டது. அந்தப் பக்கம் வண்டி சற்றே சாய்ந்தது, ஆள் ஏறினால் சாய்வதுபோல.

கதவு திறந்தது. குளிர் வந்தது. நாணல் வாடை.

கதவு சாத்தப்பட்டது.

பின்சீட்டுப் பஞ்சு அமுங்கும் பெருமூச்சு. பிறகு தண்ணீர் சொட்டும் சத்தம். பிறகு சீட் பெல்ட், நிதானமாக இழுக்கப்பட்டு, மாட்டப்பட்டது.

நெவென்காவின் பார்வை பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியை நோக்கி உயர்ந்தது. அதற்குள் தாமியான் கையை நீட்டிவிட்டான். அவன் ஏற்கனவே பார்த்திருந்தான். அவளுக்குப் பின்சீட் தெரியாதபடி கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பி, விரல்களால் அதை அப்படியே பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதபடி உட்கார்ந்திருந்தான்.