கண்ணாடி மூலையில் ஒரு பொட்டு

வீடு இடிபட இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. அதற்குள் அம்மாவின் படம் கிடைத்தாக வேண்டும் என்று எத்திராஜ் பூந்தமல்லிக்கு, ரேணுகாவின் கடைக்கு வந்தார். பழைய புகைப்படங்களைச் சீராக்குவது அவள் தொழில். தொலைந்ததைக் கண்டுபிடிப்பாள் என்றும் யாரோ சொல்லியிருந்தார்கள்.

“திருமுல்லைவாயில் ஊடு மேடம். சுவத்துல பதினோரு படம். நேத்து கழட்டுனா பத்துதான் கீது. இடிக்க அளவெடுக்க வந்தவனுங்க வேலைதான். அம்மாவுக்கு வேற படமே கெடையாது.”

கடையின் கூட்டாளி ஜெபா துள்ளி எழுந்தாள். “வெள்ளி ஃப்ரேமா அங்கிள்?”

“மரம்மா. கரையான் அரிச்சது.”

“அதைப் போய் எவன் திருடுவான்?” என்று அவளே உட்கார்ந்துவிட்டாள்.

பொங்கலன்று பேரன் அந்தச் சுவரைச் செல்போனில் எடுத்திருந்தான். ரேணுகா அதைக் கணினியில் பெரிதாக்கினாள். காணாமற்போன படத்தில், பூத்தைத்த சடை தெரியவேண்டுமென்று நிலைக்கண்ணாடிக்கு முதுகு காட்டி அமர்ந்திருந்தாள் ஒரு பெண். முழங்கை வரை வளையல். கண்ணாடியில் சடையும், எதிர்ச்சுவரில் தொங்கிய ஏதோ ஒரு படமும் தெரிந்தன.

“வளைகாப்பா?”

“ஆமா. நான் வயித்துல இருந்தப்போ எடுத்தது.”

“உங்க வீட்டுல எல்லாப் பிள்ளைக்கும் வளைகாப்பு உண்டா?”

“தலைச்சனுக்கு மட்டும்தான். என் பொண்ணுக்கும் அப்பிடித்தான் செஞ்சோம்.”

“கூடப் பொறந்தவங்க?”

“ஒரே அக்கா, வேம்புலியம்மா. நாலு வயசு பெரியவங்க. என்னை இடுப்புல தூக்கி வளத்தவங்க. அமாவாசை தவறாம எல்லாப் படத்துக்கும் பொட்டு வெப்பாங்க. இனிமே அவங்க அயனம்பாக்கம் மக ஊட்டுக்கு, படமெல்லாம் என் ஃப்ளாட்டுக்கு.”

ஜெபா வாயைத் திறந்தாள். ரேணுகா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

மூவரும் திருமுல்லைவாயில் வீட்டுக்குப் போனபோது வேம்புலியம்மாள் பித்தளை அண்டாவையும் பாத்திரங்களையும் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். “இன்னாடா, போலீசையே கூட்டிகினு வந்துட்டியா?”

“போட்டோ கடைக்காரங்கக்கா.”

ரேணுகா பெரிதாக்கிய பிரதியைச் சாக்கின் மேல் வைத்தாள்.

“இடிக்க வந்தவங்க எடுக்கல. எடுத்திருந்தா அண்டாவை விட்டிருக்க மாட்டாங்க. இந்தச் சுவர்ல ஒரு ஆளுக்கு ஒரு பொட்டு, நெத்தியில. இந்தப் படத்துல ஒரு ஆள்தான். ஆனா ரெண்டு பொட்டு.”

எத்திராஜ் குனிந்தார். ஒன்று அம்மாவின் நெற்றியில். மற்றது கண்ணாடி மூலையில், வருடக்கணக்காக ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தடித்திருந்தது. அதன் அடியில் நகக்கண் அளவில், எதிர்ச்சுவர்ப் படத்தின் சட்டம். அதற்குள் மாலை போட்ட ஒரு பெண்.

“பொட்டு வெச்சவங்கதான் எடுத்திருக்காங்க,” என்றாள் ரேணுகா. “ஏன்னு நான் சொல்றது முறையில்ல.”

“அக்கா, நீயா? கேட்டா தர மாட்டேனா?”

“ஏன்னு கேப்பியே!”

வேம்புலியம்மாள் பெட்டியைத் திறந்து, மடித்த சேலைக்குள்ளிருந்து படத்தை எடுத்தாள். அதைத் தம்பியிடம் நீட்டினாள். ஆனால் பிடியை விடவில்லை.

“உன் அம்மாவை உன்கிட்டருந்து பிரிக்கணும்னு இல்லடா. அவங்க என்னை ஒரு நாளும் வேத்தாளா பாத்ததில்ல. எதிர்ச்சுவத்துல இருந்த படம் மழையில போயிட்டுது. மிச்சம் இது ஒண்ணுதான்.”

“எது?”

அவள் விரல் கண்ணாடி மூலைக்குப் போனது.

“இவ. என்னைப் பெத்தவ.”