நீட்டாத கை

அம்மாவின் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. மகளுக்கு எட்டே வயது. அவ்வளவு பெரிய கை அவளுக்கு ஏது? மனநல ஆலோசகருக்கு அதுதான் உறுத்தியது. தடத்தின் நடுவே மோதிரக்கல் கிழித்த கீறல். அம்மாவின் விரலிலும் கல் மோதிரம், அதன் விளிம்பில் காய்ந்த ரத்தம்.

"இப்பல்லாம் அவ அடிக்கறதே இல்ல மேடம்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் அம்மா. முதல் நாள் அவள் கேட்டதும் அதுதான்: அடிக்கிற புத்தியை மட்டும் எடுத்துவிடுங்கள், கணக்குப் போடுகிற மூளையில் கைவைத்துவிடாதீர்கள். சொத்தைப் பல்லைப் பிடுங்கச் சொல்வதுபோல. கணக்குப் போட்டியில் கோப்பை வாங்கி வந்தால் மேதை, கத்தினால் பைத்தியம், ராத்திரியெல்லாம் கணக்குப் புத்தகத்தோடு அறையில் வைத்துப் பூட்டினால் மட்டும் அது வளர்ப்பு.

அம்மா வெளியே போய்க் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் உட்கார்ந்தாள். வண்ணக்குச்சிகளின் மெழுகு வாசனையும் ஈரக் கம்பளத்தின் வாடையும் ஏசியின் உறுமலுமாக மூடிக்கிடந்த அறையில், சிறுமி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, ஆலோசகர் சீவி வைத்த பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம் இதே நாற்காலியில்தான், இனி யார் மேலும் கை நீட்ட மாட்டேன் என்று அவளைச் சொல்லவைத்தார் ஆலோசகர். என் கையைத்தானே சொல்றீங்க என்று கேட்டாள். பின்னே யார் கையை, உன் கைதான் என்று இவர் சிரித்தார்.

"அம்மாவ யாருடா அடிச்சது?"

"அவங்களேதான். நான் கை நீட்டல மிஸ். நீங்க சொன்ன மாதிரியே இருக்கேன்."

என் கையைத்தானே என்று அவள் கேட்டது ஆலோசகருக்கு இப்போதுதான் உறைத்தது. அம்மாவை எச்சரிக்க வேண்டும். எழப் போனார்.

"சொல்லாதீங்க மிஸ். திரும்பப் பூட்டிடுவாங்க."

ஏசி நின்றது. பென்சில் மேசையில் இல்லை.

அவர் கையில் இருந்தது. அவர் எடுக்கவில்லை.

கை உயர்ந்தது. இடது கையால் மணிக்கட்டைப் பிடித்தார். இழுத்தார். எலும்பு நெரிந்தது. கத்த வாய் திறந்தார். இடது கை பிடியை விட்டது. மேலே வந்தது. அவர் வாயையே பொத்தியது. நகம் கன்னத்தில் இறங்கியது. உப்பு. ரத்தம்.

பென்சில் முனை கண்ணுக்கு நேரே.

கண்ணாடிக்கு அப்பால் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். மகளின் கைகளை மட்டும் பார்த்தாள். தொடைக்கு அடியில், அசையாமல், சமர்த்தாக. கீறிய கன்னத்தோடு நிம்மதியாகச் சிரித்தாள்.

பென்சில் இமையைத் தொட்டது. நிற்கவில்லை.