அம்மா சம்மதிச்சிட்டாங்க

பயந்து நிற்கும்போதுகூட ஒருவன் இவ்வளவு அழகாக இருக்க முடியுமா... என்று நினைத்த மறுகணமே பிரிசில்லாவுக்குத் தன்மேல் எரிச்சல் வந்தது. வார்டில் பேஷண்ட்டைச் சேர்க்கிற நேரத்தில் ஒரு நர்ஸ் நினைக்கிற நினைப்பா இது!

வெளியே சிதம்பரத்தையே கரைத்துவிடப் பார்க்கும் ஐப்பசி மழை. ஸ்ட்ரெச்சரில் வலது கையும் காலும் விழுந்துபோன ஒரு பெரியவர். பக்கத்தில் சொட்டச் சொட்ட நனைந்த அவருடைய மகன். இமை நுனியில் ஒரு துளி விழாமல் நின்றது. அவன் ஒரு பெரிய ஜூஸ் பவுடர் பாட்டிலை அவளிடம் நீட்டினான். பாதிவரைக்கும் மாத்திரைகள். அட்டை இல்லை, பெயர் இல்லை. வெள்ளை, மஞ்சள், ரோஸ்... எல்லாம் ஒன்றாக.

"என்னங்க இது?"

"அப்பா சாப்புடுற மாத்தர, சிஸ்டர். வெள்ள பிரஷருக்கு, மஞ்சா சுகருக்கு."

"இதுல நாலு தினுசு வெள்ள இருக்கே! மாத்தரையா, சீரக மிட்டாயா? கலர் பாத்துப் பொறுக்கித் திங்க?"

"நல்லாத் திட்டுங்க சிஸ்டர். காலையிலேர்ந்து எல்லாரும் பாவம் பாவம்னே சொல்றாங்க. நீங்க ஒருத்தருதான் திட்டுறீங்க. கொஞ்சம் தெம்பா இருக்கு."

சிரிப்பை அடக்க அவள் திரும்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த மகன், சிலம்பரசன், சொல்லச் சொல்லத்தான் விஷயம் புரிந்தது. அவன் அப்பா தட்சிணாமூர்த்தி, காடாம்புலியூரிலிருந்து குவைத்துக்குப் போய் முப்பது வருஷம். அறுபது வயது தாண்டியதும் கம்பெனி அவருடைய இன்சூரன்சை நிறுத்திவிட்டது. வேலையை மட்டும் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க வழியில்லாத தொழிலாளர் கேம்ப் வயசாளிகள், லீவில் ஊருக்கு வந்து திரும்புகிறவர்களிடம் சொல்லி மாத்திரை வரவழைத்துக்கொண்டார்கள். பெட்டியில் இடம் அடைக்கிறதென்று அதை அட்டையிலிருந்து உதிர்த்து, எல்லாருடையதையும் ஒரே பாட்டிலில் போட்டுக் கொண்டுபோவார்கள். அங்கே அவரவர் நிறம் பார்த்து எடுத்துக்கொள்வார்கள். பிரஷருக்கென்று இவர் மாதக்கணக்கில் விழுங்கியது யாருடைய வயிற்றுப் புண்ணுக்கு வாங்கியதோ...

குவைத்திலேயே இன்னொரு கம்பெனியில் ஏசி மெக்கானிக்காக இருந்த மகன், அப்பாவுக்குக் கை மரக்க ஆரம்பித்ததும் ஊருக்குக் கூட்டிவந்தான். வீட்டுக்குள் நுழைந்த மறுநாள் விழுந்துவிட்டார்.

நாட்கள் போயின. பெரியவரை எப்படிப் புரட்டுவது, முதுகு புண்ணாகாமல் எப்படித் துடைப்பது என்று அவள் சொல்லித் தர, அவன் கற்றுக்கொண்டான். டியூட்டி முடிந்து அவள் கடலூருக்கு பஸ் ஏறப் போகும்போது, டீ குடிக்கப் போகிறவன்போலக் குடையோடு கூடவே வந்தான்.

"ஒரு கஷ்டம்ங்க..."

"என்ன?"

"ஒங்கள சிஸ்டர்னு கூப்புட வாயே வரமாட்டேங்குது."

"அப்ப 'ஏங்க'ன்னு கூப்புடுங்க."

"அது நீங்க என்னக் கூப்புட வேண்டியதாச்சே..."

அவளுக்குக் காது மடல் சுட்டது. குடைக்கு வெளியே இருந்த தோள் நனைந்துகொண்டிருந்ததே தெரியவில்லை. எட்டு வருஷமாக எத்தனையோ பேரைத் தூக்கிப் புரட்டிய கைகள் அவளுடையவை. அவற்றை யாரும் கைகளாகப் பார்த்ததில்லை. பஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்து, "ரொம்ப சில்லுனு இருக்கும்போல..." என்றான் அவன், தொடாமலே. கடலூர் வரைக்கும் அந்தக் கையை யாருடையதோ போல மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

என்னைத்தானே பார்க்கிறான்? நர்ஸை இல்லையே... என்னைத்தானே?

அவனுடைய அம்மா மலர்க்கொடி ஒருநாள் கேட்டாள். "நீ சர்ச்சுக்குப் போற பொண்ணாம்மா?"

"ஆமாங்கம்மா."

அதுவரை ஊரிலிருந்து கொண்டுவந்து கையில் கொடுத்த முந்திரிப் பருப்பை அன்றிலிருந்து அந்த அம்மா ஜன்னல் விளிம்பில் வைத்தாள். மறுநாள் ஸ்கிரீனுக்குப் பின்னாலிருந்து குரல் கேட்டது. "ஆஸ்பத்திரி பழக்கம் ஆஸ்பத்திரியோட நிக்கணும் தம்பி. நம்ப சாதிசனம் காறித் துப்பும்."

பிரிசில்லா ஒன்றும் கேட்காதவள்போல வெளியே வந்தாள். தலைமை நர்ஸிடம் சொல்லி வேறு வார்டுக்கு மாறிக்கொண்டாள். அவன் வராந்தாவில் காத்து நின்ற நாட்களில் பின் படிக்கட்டு வழியாக இறங்கிப் போனாள். மானம் என்று அதற்குப் பெயர் வைத்தாள். படிக்கட்டு முடிகிற இடத்தில் தினமும் கண் நிறைந்தது.

அப்புறம் ஒரு சாயங்காலம். பஸ் ஸ்டாண்டில் தூறல். குடைகூட இல்லாமல் ஓடிவந்தான்.

"அம்மா சம்மதிச்சிட்டாங்க!"

கண்களெல்லாம் சிரிப்பாக எதிரே நின்றவனைப் பார்க்கப் பார்க்க... கடவுளே, இது எனக்கா?

"மொத நாளு திட்டுனியே, அப்பவே ஒன்ன எனக்குப் புடிச்சிப்போச்சு பிரிசில்லா. நீ இல்லாம இந்த ஒரு வாரம்... முடியல."

முதல்முறையாக 'நீ' என்றான். பொய் சொல்கிற கண்கள் இல்லை அவை.

"அம்மா எப்புடி...?"

"இன்னும் ரெண்டு நாள்ல வீட்டுக்கு அழச்சிட்டுப் போவலாம்னு டாக்டர் சொன்னாரு. முந்தாநேத்து அம்மா அப்பாவத் தூக்கிப் பாத்தாங்க. ரெண்டு பேருமே கீழ விழுந்துட்டாங்க. அப்ப அம்மாவே சொன்னாங்க, அந்தப் பொண்ணையே கேளுடா, மதமாவது ஒண்ணாவதுன்னு..." அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். "லீவு முடியப்போவுது. கல்யாணத்தக் கார்த்திகையிலயே வச்சிட்டா நான் நிம்மதியாப் போவேன்."

"நானும் ஒங்ககூட வரலாம்ல?"

"வரலாம்... கம்பெனி இன்சூரன்சுகூட பொண்டாட்டிக்கு உண்டு. அப்பா அம்மாவுக்குத்தான் கெடையாது. ஆனா நீ அங்க வந்துட்டா அப்பாவ யாரு..." சட்டென்று நிறுத்தினான். "ரெண்டு வருஷம்தான். ஜாஸ்தி இல்ல. லீவுல வந்துடுவேன்."

முப்பது வருஷத்துக்கு முன்னால் தட்சிணாமூர்த்தியும் இப்படித்தான் சொல்லியிருப்பார். மலர்க்கொடியும் நம்பியிருப்பாள். கணவனோடு எத்தனை பொழுது வாழ்ந்தாள் அவள்? கடைசியில் கைக்கு வந்தது, தூக்க முடியாத ஓர் உடம்பு. அவள்மேல் பிரிசில்லாவுக்குக் கோபம்கூட வரவில்லை. இவன்மேலும் வரவில்லை. இவனுடைய அன்பு நிஜம்தான்... அதுதான் தாங்கவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமா? அம்மாவால தூக்க முடிஞ்சிருந்தா... சம்மதிச்சிருப்பாங்களா?"

"ஏன் இப்புடியெல்லாம் கேக்குற? சம்மதிச்சிட்டாங்கல்ல... இப்ப என்ன?"

அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. அந்தப் புரியாத முகத்தை அப்போதும் அவளுக்குப் பிடித்திருந்தது. ஒரு நிமிஷம் தலையாட்டிவிடலாம் போலிருந்தது. தலையாட்டினால் இந்த முகம் தன்னுடையது. வருஷம் பூராவும் இல்லை... லீவுக்கு மட்டும்.

கடலூர் பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியது.

"இப்பவே சொல்ல வேணாம். யோசிச்சி, ஞாயித்துக்கெழம சொல்லு," என்றான்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போற அன்னிக்கு வர்றேங்க. அப்பாவ விழாமத் தூக்குறது எப்புடின்னு அம்மாவுக்குப் பொறுமையாச் சொல்லித் தர்றேன்." படியில் கால் வைத்தாள். திரும்பி அவன் கண்களைப் பார்த்தே சொன்னாள். "அதுக்கு மேல என்னால முடியாதுங்க."