இறங்காத பை

ஹார்ட் டிஸ்க் சூடாக இருந்தது. ஒரு மணி நேரமாக எதிலும் செருகாமல் பைக்குள் சும்மா கிடந்த பொருள், யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலி மாதிரி வெதுவெதுவென்று இருந்தது. புழுக்கம், வேறென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நெரிஸ்ஸா அதை மடிக்கணினியில் செருகினாள்.

மணி நான்குதான். ஆனால் லிப்பா நகரத்து மழை வீட்டையே இருட்டாக்கியிருந்தது; தகரக் கூரையில் அது கொட்டுகிற சத்தத்துக்கு நடுவே, அடுத்த அறையில் மகள் பியாங் ஏதோ பாட்டை முனகிக்கொண்டு தொம் தொம்மென்று குதிப்பது கேட்டது. நெரிஸ்ஸாவின் சட்டையில் இன்னும் மெழுகுவத்திப் புகையும் சாவு வீட்டுப் பூ வாசமும் போகவில்லை.

தம்பி ஆர்வின் செத்து நாலு நாள். நாளை அடக்கம். அவன் கம்ப்யூட்டர் இரவல் வாங்கியது. கொடுத்தவர் காலையில் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார். அதற்குள்தான் அவனும் பியாங்கும் மூன்று வருடமாக ஞாயிறு தவறாமல் கட்டிய பண்ணை விளையாட்டு இருந்தது. "மாமா பண்ணை எங்கம்மா?" என்று பிள்ளை கேட்டுக் கேட்டு அழுததை நெரிஸ்ஸாவால் தாங்க முடியவில்லை. அதனால்தான் சொந்தக்காரர்கள் சீட்டாடிக்கொண்டிருக்க, சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, எல்லாவற்றையும் டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

கிளம்பும்போது சித்தி சலுத் வாசல்வரை வந்து அதட்டினாள். "நேரா வீட்டுக்குப் போயிடாதடி. பக்பக் பண்ணிட்டுப் போ. வழியில எங்கயாவது இறங்கு, ரெண்டு வாய் தின்னு, உதறி விட்டுட்டுப் போ. இல்லன்னா பின்னாலயே வந்துடுவான்."

"என் தம்பிதானே சித்தி, வந்தா வரட்டுமே!"

"வாயக் கழுவு! போனவனுக்குத் துணை தேடும். வீட்ல பிள்ள இருக்கு."

நெரிஸ்ஸா முறைப்படிதான் செய்தாள். வாடகைக்குப் பிடித்த டிரைசைக்கிளை பேக்கரி வாசலில் நிறுத்தச் சொல்லி, இறங்கி, ஒரு ரொட்டியைத் தின்று, சட்டையை நன்றாக உதறிவிட்டுத்தான் மறுபடி ஏறினாள்.

இப்போது திரையில் பச்சைக் கோடு தானாக நகர ஆரம்பித்தது. அவள் இன்னும் எதையும் அழுத்தவில்லை. அதன் கீழே பெயர்கள் ஓடின. ஆர்வினின் பண்ணை, ஆர்வினின் படங்கள் என்று எதிர்பார்த்துக் குனிந்தவளுக்கு வேறு பெயர் தெரிந்தது. பியாங் பிறந்தநாள். பியாங் பல் விழுந்தது. இதெல்லாம் அவளுடைய கணினியில் இருந்தவை ஆயிற்றே!

டிஸ்க்கிலிருந்து கணினிக்கு எதுவும் வரவில்லை. கணினியிலிருந்து டிஸ்க்குக்குப் போய்க்கொண்டிருந்தது. நகல்கூட இல்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் போனது, எடுத்த இடம் காலியானது.

நிறுத்து என்பதை அழுத்தினாள். நிற்கவில்லை.

பியாங் முதல் நடை. போயிற்று.

அடுத்த அறையில் தொம் தொம் நின்றது.

"பியாங்?"

"என்னம்மா?"

குரல் கேட்டதும் உயிர் வந்தது. "ஏன்டி கண்ணு, குதிக்கறத நிறுத்திட்ட?"

"காலு எப்படித் தூக்கறதுன்னு தெரியலம்மா."

நெரிஸ்ஸாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பை. பேக்கரியில் இறங்கும்போது, மழையில் நனைந்துவிடுமே என்று பையை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். அவள் இறங்கினாள், தின்றாள், உதறினாள். பை இறங்கவே இல்லை.

பியாங் பாட்டு. முனகல் பாதி அடியில் அறுந்தது.

ஒயரைப் பிடுங்கினாள். டிஸ்க் கையோடு வந்தது. கொதித்தது. உள்ளே ஏதோ குறுகுறுவென்று சுற்றியது. திரையில் கோடு நகர்ந்துகொண்டேயிருந்தது.

"ஆர்வின், வேணாம்டா. அக்கா சொல்றேன். அவ சின்னப் பிள்ளடா..."

திரையில் அடுத்த பெயர்: பியாங் முதன்முதலில் அம்மா என்றது.

"அம்..." என்றது அடுத்த அறை. அவ்வளவுதான்.

டிஸ்க்கைச் சுவரில் எறிந்துவிட்டு ஓடினாள். பியாங் தரையில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்து வாயைத் திறந்தாள். சத்தம் இல்லை. கண்ணில் மட்டும் பயம்.

பின்னால் திரையில் என்ன மீதி என்று நெரிஸ்ஸாவுக்குத் தெரியும். போட்டோக்கள்.

பியாங்கின் கன்னத்துக் குழி முதலில் போனது. பிறகு புருவம். பிறகு வாய். ஈரத்துணியால் பலகையைத் துடைக்கிற மாதிரி, அவசரமில்லாமல்.

முன்னறையில் சுவரோரம் கிடந்த டிஸ்க்குக்குள்ளிருந்து பியாங் கலகலவென்று சிரித்தாள். "இன்னொரு தடவ, மாமா!"

இங்கே, தரையில், கண் இருந்த இடமும் மூடிவிட்டது. அந்த இரண்டு சின்னக் கைகள் மட்டும் அம்மாவைத் தேடிக் காற்றில் துழாவிக்கொண்டிருந்தன.