படுத்துவிட்ட பலூன்

தோணியில் அன்று இருந்தவர்கள்: கேப்டன் அலி தீதி. அவர் மகள் ஷஃபீகா. ஒரு ஜெர்மன் தம்பதி. டப்பா நிறைய மீன் உருண்டை. கடைசியாக ஏறியவன் நாஜிஹ், தலைநகர் மாலேக்காரன், முக்குளிப்பவர்களுக்குப் புது வழிகாட்டி.

இருபது வருடம் ஆகிறது. இப்போது முக்குளிப்பவர் வைத்திருக்கும் கருவி செயற்கைக்கோளுக்கே சேதி சொல்லிவிடுகிறது. அப்போது நீருக்கடியிலிருந்து மேலே விட்டு இடம் காட்டும் ஆரஞ்சுப் பலூன், அதன் கயிற்றுச் சுருள், விசில். அவ்வளவுதான். ஆளுக்கேற்பத் தேர்ந்து கட்டிக்கொடுப்பது ஷஃபீகாவின் வேலை.

நாஜிஹ் சுருளைத் தன் ஜாக்கெட் வளையத்தில் கொக்கி போட்டு மாட்டியிருந்தான். அவள் கேட்காமலே கழற்றினாள்.

"என்ன பண்றீங்க?"

"பலூன் விடும்போது இது கையில இருக்கணும். கயிறு சிக்கினா உங்களையும் சேர்த்து மேல இழுத்துடும். நுரையீரல் கிழிஞ்சிடும்."

"பத்து வருஷமா இப்படித்தான் போறேன்."

"பத்து வருஷமா அதிர்ஷ்டம்."

தீதி சிரித்தார். நாஜிஹ் சிரிக்கவில்லை. அவள் விசிலை அவன் தோளில், வாய்க்கு எட்டும் உயரத்தில் கட்டினாள். அவளது குனிந்த இமைகளில் உப்பு காய்ந்திருந்தது... பார்த்துவிட்டு, பார்க்காதவன்போலக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஆறு நாள் இருவரும் பேசவில்லை. வெள்ளிக்கிழமைப் படகில் அவன் மாலே திரும்புகிறான் என்றார்கள். நல்லது என்று நினைத்தாள். மறுபடி நினைத்துப் பார்த்தாள்... சரியாக வரவில்லை.

வியாழக்கிழமை, நீரோட்டம் பார்க்க முதலில் அவன் மட்டும் குதித்தான். மழை பிடித்தது. இருபது நிமிடத்தில் பலூன் மேலே வந்தது. நிமிர்ந்து நின்றது. பிறகு படுத்துவிட்டது.

தீதி அதை நோக்கித் தோணியைத் திருப்பினார்.

"பப்பா, அங்க போகாதீங்க."

"பலூன் அங்கதானே இருக்கு?"

"கீழ ஒரு ஆள் கயித்தை இழுத்துப் பிடிச்சாத்தான் அது நிக்கும். இப்ப அதுல ஆள் இல்ல. பலூன் காத்தோட கரைப்பக்கம் போகுது. அவர் நீரோட்டத்தோட வெளிய போயிருப்பார்."

"தப்பா இருந்தா?"

அவள் விரல் பலூனுக்கு எதிர்ப்பக்கம் நீண்டது. தீதி வெளிக்கடலுக்குத் திருப்பினார்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இன்ஜினை நிறுத்திக் காது கொடுத்தார்கள். மழை... மழை மட்டும். ஏழாவது முறை, ஊசிபோல ஒரு விசில்.

ஏற்றியபோது அவன் உதடு நீலமாக இருந்தது.

"நீங்க சொன்ன மாதிரி கையில பிடிச்சேன். சிக்கிச்சு. விட்டுட்டேன். அதான் தொலைஞ்சேன்."

"மாட்டியிருந்தா செத்திருப்பீங்க."

"தெரியும்." துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டான். "தண்ணியில கிடந்து உங்களைத்தான் திட்டிட்டு இருந்தேன். பாதியில திட்டு தீர்ந்துபோச்சு... நினைப்பு தீரல."

மழை அவள் கண்ணில் இறங்கியது. அவள் துடைக்கவில்லை.

"நாளைக்குப் போகாதீங்க. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

சுக்கான் பக்கமிருந்து இருமல் வந்தது.

"எனக்குக் காது கேக்கும்," என்றார் தீதி. "மாலேக்காரனுக்குப் பொண்ணு குடுக்கிறதில்லைன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். சாயங்காலம் வீட்டுக்கு வா. இப்படி ஈரத்தோட வராதே."

இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். ஷஃபீகா வாசல் மணலில் நின்றாள்.

"ரொம்ப நேரம் ஆகுமா?" என்று கேட்டாள்.

"இந்தத் தீவுலயே இருந்துடுவியான்னு கேப்பேன். அவன் சொல்ற பதிலைப் பொறுத்தது," என்றார் தீதி.

நாஜிஹ் அவளை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனான். தீதி பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.