பழைய ஆளின் முகம்

லேப்டாப்பின் பூட்டு தானாகத் திறந்துகொண்டது. அடுப்பில் பாலை வைத்துக்கொண்டிருந்த இசக்கிசெல்விக்கு அந்த 'டிங்' சத்தம் கேட்டது. பூட்டிவிட்டுத்தான் எழுந்தாள், நன்றாக ஞாபகம் இருக்கிறது. திரையில், திறக்கும்போதெல்லாம் வருகிற அதே வரி: வருக, விஜயலட்சுமி.

தாராவியின் அந்த ஒற்றை அறைக்குள் மழைநாளில் மத்தியானம் மூன்று மணிக்கே விளக்குப் போடவேண்டும். தகரக் கூரையில் மழை, பக்கத்துப் பட்டறையில் விடாமல் ஓடும் தையல் மெஷின்கள், தோல் நாற்றம், பால் வாசனை, எல்லாவற்றுக்கும் அடியில் லேப்டாப் வந்த ஒரு வாரமாக மூக்கில் ஏறும் மருதாணி எண்ணெய் வாசம். செல்வி தலைக்குத் தேங்காய் எண்ணெய் தவிர வேறெதுவும் வைப்பதில்லை. மேஜைக்கு எதிரே சேலைத் தொட்டிலில் பேராச்சி தூங்கினாள். பிறந்து இரண்டு மாதம், கழுத்துகூட இன்னும் நிற்கவில்லை.

விஜயலட்சுமி லேப்டாப்பின் பழைய சொந்தக்காரி. விற்ற ஷாகுல் ஹமீது, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுத் தருகிறேன், நாளைக்கு வாருங்கள் என்றுதான் சொன்னார். செல்வியின் புருஷன் வெயிலுமுத்துவுக்குப் பொறுமை ஏது. வாஷி ஆபீஸ் வேலையை அவள் வீட்டிலிருந்தே அன்றைக்கே தொடங்கவேண்டும், திறக்கிற நம்பரை எழுதிக் கொடுங்கள், அது போதும் என்று தூக்கிவந்துவிட்டான். ஒரு நாள் பொறுத்திருந்தால் குடியா முழுகிப்போயிருக்கும்? இப்போது எங்கோ தள்ளி வேறொரு பட்டறையில் மெஷின் ஓட்டிக்கொண்டிருக்கிறான், போனை எடுக்கவில்லை.

கடைக்குப் போன் போட்டாள். நம்பர் போடாமலே திறக்கிறது என்றாள்.

ஷாகுல் ஹமீது கடை ரேடியோவை அணைத்துவிட்டுப் பேசினார். "அது முகம் பாத்துத் தெறக்கிற பூட்டும்மா. பழைய ஆளு முகத்தக் காட்டுனாத்தான் தெறக்கும்."

"அவங்க எங்க இருக்காங்க, பாய்?"

"மவுத்தாயி மூணு மாசமாச்சு. பேறுகாலத்துல. பிள்ளையும் தங்கல. தம்பிக்காரன்தான் கொண்டுவந்து வித்தான்."

கேமராவை மூடிவை, சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் நானே வந்து அழித்துத் தருகிறேன் என்று வைத்துவிட்டார்.

மூட என்ன இருக்கிறது? கண்ணாடியில் ஒட்டுகிற பழக்கத்தில் கை தானாக நெற்றிக்குப் போனது. சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கேமரா மேல் ஒட்டி அழுத்தினாள். லேப்டாப்பைப் பூட்டினாள். திரையில் வட்டம் சுழன்றது. முகம் தெரியவில்லை. நம்பரைப் போடவும்.

அப்பாடா என்றிருந்தது.

பால் பொங்கும் சத்தம். ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். அதே நேரம் கரண்டும் போனது. தையல் மெஷின்கள் நின்றன. மழை மட்டும். பேட்டரியில் ஓடிய திரையின் வெளிச்சம் அவள் முதுகுக்குப் பின்னால் சுவரில் நீலமாகக் கிடந்தது.

டிங்.

திரும்ப உடம்பு வரவில்லை. குழந்தை அங்கே இருக்கிறது. திரும்பித்தான் ஆகவேண்டும்.

திரும்பினாள்.

வருக, விஜயலட்சுமி.

கேமரா மேல் பொட்டு இல்லை. மேஜையில் இல்லை. தரையில் இல்லை.

தொட்டில் ஆடியது. மெதுவாக. யாரோ தூங்கவைப்பதற்கு ஆட்டுகிற அளவுக்கு.

எட்டிப் பார்த்தாள். பேராச்சி விழித்திருந்தாள். அழவில்லை. நெற்றி நடுவில் சிவப்புப் பொட்டு, நேராக, அழுத்தி ஒட்டியிருந்தது. குழந்தையின் கண் தாயைப் பார்க்கவில்லை. தொட்டிலுக்கு மறுபக்கம் பார்த்துச் சிரித்தது.

மருதாணி எண்ணெய் வாசம் மூக்கை அடைத்தது.

"எம் பிள்ள," என்றாள் செல்வி.

கை நீட்டினாள். தொட்டில் மறுபக்கம் விலகிப்போனது, எட்டவில்லை.

சேலை மடிப்புக்குள்ளிருந்து குழந்தை மேலே எழுந்தது. மெல்ல. இன்னும் மேலே. கழுத்து நிற்காத பிள்ளை. தலை தொங்கவில்லை. பின்னங்கழுத்தில் மென்மயிர், விரல்கள் தாங்கியதுபோல, ஐந்து இடத்தில் அழுந்தியிருந்தது.